நாள் தவறும் ரோஜா

மார்கழி பிறந்ததும் ஓசூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களில் கத்தரிக்கோல் சத்தம் ஓயாது. பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம், அமுதகொண்டபள்ளி என எந்தப் பக்கம் போனாலும் அதே வேலைதான். பென்சில் கனத்துக்குக் குறையாத தண்டாகப் பார்த்து, ஐந்து சிற்றிலை கொண்ட நல்ல இலையொன்றுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுகிறார்கள். அந்த இலைக்கக்கத்தில் உறங்கும் கண் விழித்து, குச்சியாக நீண்டு, மொட்டு வைத்து, நிறம் காட்டி, வெட்டும் பக்குவத்துக்கு வர ஏறத்தாழ 50 நாள் ஆகும். பிப்ரவரி 14 காதலர் தினம். பெட்டியில் அடுக்கி, பெங்களூரு விமான நிலையம் வழியாகச் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போய்ச் சேர வேண்டுமானால் பிப்ரவரி 10ஆம் தேதிக்குள் பூ தோட்டத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் மார்கழியில் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள்.

வானிலை தவறினால் பயிர் பாதிக்கும் என்பது எல்லா விவசாயிக்கும் தெரிந்ததே. ஆனால் நெல் பத்து நாள் தாமதமாக முற்றினாலும் நெல்தான். விலை சற்று ஏறலாம், இறங்கலாம், அவ்வளவே. தண்டோடு வெட்டி விற்கும் கொய்மலருக்கு அந்த ஆறுதல் இல்லை. பிப்ரவரி 8இல் வெட்டிய சிவப்பு ரோஜாவும் 15இல் வெட்டிய சிவப்பு ரோஜாவும் ஒரே செடியில் பூத்தவையாக, ஒரே நீளத் தண்டுடையவையாக இருந்தாலும் சந்தைக்கு அவை வெவ்வேறு சரக்கு. வெயில் கருக்கியதையும் மழை அழுகவிட்டதையும் கண்ணால் பார்க்கலாம். ஒரு குறையும் இல்லாத பூ நாள் தவறி மலர்வதால் வரும் நட்டம் பார்வைக்குத் தெரியாது. வழக்கம் மாறிய வானிலை கொய்மலர்ப் பருவத்தைக் கெடுக்கும் வழிகளில் இதுவே ஆழமானது என்று நினைக்கிறேன்; நாம் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைத்தான்.

ஓசூர் ரோஜா ஊரானதற்குக் காரணமும் வானிலையே. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேட்டுநிலம் இது. பகலில் 24 முதல் 28 டிகிரி, இரவில் 15 முதல் 18 டிகிரி என்று ரோஜா கேட்கும் வெப்பநிலை ஆண்டின் பல மாதங்களில் இங்கே இயல்பாகவே கிடைத்துவந்தது. நெதர்லாந்தில் எரிவாயு எரித்து உண்டாக்கும் சூழலை இங்கே மேலே ஒரு பாலித்தீன் விரிப்பும் பக்கவாட்டில் ஏற்றி இறக்கும் திரையும் போட்டே பெற முடிந்தது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவின் பங்களிப்போடு அமுதகொண்டபள்ளியில் டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா அமைந்ததும் இந்த நம்பிக்கையில்தான். ஏக்கருக்குச் சுமார் 30,000 செடி. சிவப்பில் தாஜ்மகால், வெள்ளையில் அவலாஞ்சி, மஞ்சளில் கோல்டு ஸ்ட்ரைக், இளஞ்சிவப்பில் நோப்ளஸ் என ரகங்கள். கல்யாண மேடையிலும் பூங்கொத்துக் கடையிலும் நாம் பார்க்கும் நீளத் தண்டு ரோஜாக்களில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தின் விளைச்சல்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குடில்களில் பெரும்பாலானவற்றில் சூடேற்றும் கருவியும் இல்லை, குளிரூட்டும் கருவியும் இல்லை. இயற்கைக் காற்றோட்டம் மட்டுமே. மழை நேராகச் செடிமேல் விழாது, காற்று அடித்து முறிக்காது. ஆனால் வெளியே குளிர்ந்தால் உள்ளேயும் குளிரும், வெளியே கொதித்தால் உள்ளே இன்னும் கொதிக்கும். கூரை இருப்பதால் வானிலையிலிருந்து தப்பிவிட்டார்கள் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பது சரியல்ல.

நாள் எப்படித் தவறுகிறது? ரோஜாவின் வளர்ச்சியை ஆராயும் தோட்டக்கலை விஞ்ஞானிகள் நாட்களை எண்ணுவதில்லை, வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ரோஜா வளராது என்பது அடிவரம்பு. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை அந்த வரம்புக்கு மேல் எத்தனை டிகிரி இருக்கிறதோ அதுதான் அன்றைய வரவு. வரவெல்லாம் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட தொகையைத் தொட்டதும் பூ தயார். அந்தத் தொகை ரகத்துக்கு ரகம் மாறும். கணக்குக்காக 750 அலகு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 20 டிகிரி நிலவினால் நாளொன்றுக்கு 15 அலகு; 50 நாளில் 750 நிறைந்துவிடும். டிசம்பர் 18இல் கவாத்து செய்தவர் பிப்ரவரி 6இல் பூ வெட்டலாம். எல்லாம் திட்டப்படி.

இதே பருவத்தில் மேகமூட்டமும் வாடையும் நீடித்து, சராசரி ஒன்றரை டிகிரி மட்டும் குறைந்தால் நாள்வரவு 13.5 அலகு ஆகும். 750 நிறைய 56 நாள் வேண்டும். பூ பிப்ரவரி 12இல்தான் வரும். ஏற்றுமதி விமானம் அதற்குள் போயிருக்கும். பருவம் முழுக்க வழக்கத்தைவிட வெதுவெதுப்பாகி சராசரி 22 டிகிரியானால் கதை எதிர்ப்பக்கம் திரும்பும். 44 நாளில், அதாவது ஜனவரி 31இலேயே, மொட்டு வெட்டச் சொல்லி நிற்கும். முந்திய பூவை 2 முதல் 4 டிகிரி குளிர்அறையில் சில நாள் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அங்கே கழியும் ஒவ்வொரு நாளும் வாங்குபவரின் பூச்சாடியில் அது நிற்கும் நாளிலிருந்து கழிகிறது. ஒன்றரை டிகிரி, இரண்டு டிகிரி என்பது நம் உடம்புக்குத் தெரியாத வேறுபாடு. ஸ்வெட்டரைப் போடலாமா வேண்டாமா என்ற யோசனைகூட வராது. ரோஜாத் தோட்டத்தில் அதுவே ஒரு பருவத்தின் வருமானம்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடாதவர்களும் கையால் அறிந்திருக்கிறார்கள். கவாத்துக்குப் பிறகு நாலாவது வாரம் குச்சி நுனியில் பட்டாணி அளவுக்கு மொட்டு தெரிய வேண்டும். தோட்டக்காரர்கள் நடைபாதையில் போகும்போதே இரண்டு விரலால் அந்தப் பட்டாணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார்கள். பட்டாணி வந்த நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் வெட்டு. பொங்கல் சமயத்தில் பட்டாணி தட்டுப்பட்டால் நிம்மதி. பொங்கல் கழிந்து ஒரு வாரமாகியும் குச்சி நுனி வெறும் சிவந்த இலைத்தளிராகவே இருந்தால் பக்கத்திரைகளை மாலை மூன்று மணிக்கே இறக்கிவிடச் சொல்லி விரட்டுவார்கள். பகல் வெப்பத்தை இரவுக்குக் கொஞ்சம் பிடித்து வைக்கும் முயற்சி அது. பலன் உண்டு, அந்தப் பலனுக்கு விலையும் உண்டு.

அந்த விலை என்னவென்று அறிய, பனிக்காலத்தில் விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு குடிலுக்குள் போய் நின்று பார்க்க வேண்டும். திரைகளெல்லாம் இறக்கியிருக்கும். வெளியே மழை இல்லை, ஆனால் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். முந்தைய நாள் பாய்ச்சிய நீரும் முப்பதாயிரம் செடிகள் விட்ட மூச்சும் ஆவியாகி, இரவில் குளிர்ந்த பாலித்தீனின் அடிப்பரப்பில் முத்து முத்தாகக் கோத்து நிற்கின்றன. முத்துகள் கனத்து, சரிவில் ஓடி, குழாய் வளைவு வந்த இடத்தில் உதிர்கின்றன. ஒன்று சட்டைக் காலருக்குள் விழும். அடுத்தது பாதி விரிந்த மொட்டின் நடுவில் விழும். பிந்தையதுதான் கவலைக்குரியது. இதழ்களுக்கு நடுவே விழுந்த துளி வெயில் ஏறும்வரை காயாது. போட்ரைடிஸ் என்ற சாம்பல்நிறப் பூசணத்தின் வித்து முளைக்க அப்படிச் சில மணி நேர ஈரம் போதும்.

திரையைத் திறந்தால் குளிர் நுழைந்து நாள் தள்ளிப்போகும். மூடினால் ஈரம் தங்கி நோய் வரும். சூரியன் ஒழுங்காக வரும் ஆண்டில் இந்த இக்கட்டு காலை ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். சூரியன் நாலைந்து நாள் முகம் காட்டாத ஆண்டில் தீரவே தீராது.

2024 டிசம்பர் தொடக்கம் அப்படிப்பட்ட நாட்களைக் கொண்டுவந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரை கடந்து, வேகமாக வலுவிழக்காமல், மெல்ல மெல்ல உள்நிலத்துக்கு நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. கடலோரத்தில்கூட அரிதான அளவு அது. மலைகளுக்கு நடுவிலிருக்கும் ஓர் உள்நாட்டு ஊரில் பெய்தது. ஊத்தங்கரை தாழ்நிலம், ஓசூர் அதே மாவட்டத்தின் மேற்கு மேட்டுநிலம். அந்த வெள்ளம் ஓசூருக்கு வரவில்லை. மேகமும் தூறலும் குளிரும் வந்தன. செய்திகள் ஊத்தங்கரையில் அடித்துச் செல்லப்பட்ட வண்டிகளைக் காட்டின, காட்ட வேண்டியதுதான். அதே நாட்களில் மேட்டுநிலக் குடில்களுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை ரோஜாவின் உடலியலை வைத்துச் சொல்லலாம்.

மேகமூட்டத்தில் மூன்று காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. வெளிச்சம் குறைவதால் இலை சமைக்கும் சர்க்கரை குறைகிறது. பாலித்தீன் புதிதாக இருந்தாலே வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தடுக்கும். தூசியும் பாசியும் படிந்த மூன்றாண்டு விரிப்பு இன்னும் தடுக்கும். சர்க்கரை பற்றாத இளங்குச்சியில் மொட்டு உருவாகிய தொடக்கத்திலேயே கருகி உதிர்ந்துவிடும். குச்சி மட்டும் நீண்டு, நுனியில் பூவில்லாமல் நிற்கும். குருட்டுக் குச்சி என்பது அதைத்தான். இரண்டாவது, காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் செடி நீரை ஆவியாக விட முடியாமல் திணறுகிறது. அந்த நீரோட்டத்தோடு ஏற வேண்டிய சுண்ணாம்புச் சத்து இதழுக்குப் போய்ச் சேராமல், இதழின் செல்சுவர் மெலிகிறது. மூன்றாவது, குளிரும் ஈரமும் சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய்க்குக் கொண்டாட்டம். இலையில் கருஞ்சிவப்புத் திட்டுகள் காண்கின்றன; இரண்டு மூன்று நாளில், பச்சையாகத் தெரிந்த இலைகள்கூடத் தொட்டால் கொட்டுகின்றன. மார்கழிக் கவாத்துக்கு இரண்டு வாரம் முன்னால் செடி இலையை இழப்பது, நெடும்பயணத்துக்கு முன்னால் கட்டுச்சோற்றைப் பறிகொடுப்பது போன்றது. வெட்டிய பின் புதுக்குச்சியைத் தள்ளிவிடும் உணவெல்லாம் பழைய இலைகளின் சேமிப்பு. இதற்காகவே மெலிந்த குச்சிகளை வெட்டி எறியாமல் பக்கவாட்டில் வளைத்துவிட்டு, இலைக்கூட்டமாக வைத்திருக்கிறார்கள்.

குளிர் தனியாக, தெளிந்த வானத்தோடு வந்தால் சேதம் வேறு மாதிரி. இரவு நடுக்கமும் பகலில் சுள்ளென்ற வெயிலும் இருந்தால் சிவப்பு ரகங்களின் வெளியிதழ் ஓரங்கள் கறுக்கும். சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமி அளவுக்கு மீறித் திரள்வதால் ஏற்படுவது இது. பூ கெடவில்லை, நோயும் இல்லை. ஆனால் கருகியதுபோன்ற ஓரத்தைத் தரம் பிரிக்கும் மேசையில் யாரும் மன்னிப்பதில்லை. குளிரில் உருவான மொட்டில் இதழ் எண்ணிக்கையும் கூடும். நடு இதழ்கள் குட்டையாகி, மொட்டின் தலை கூம்பாமல் தட்டையாகிவிடும். அதுவும் கழிவுக் கூடைக்குத்தான்.

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரியும் சேதங்கள். தெரியாத ஒன்று இருக்கிறது. இவற்றில் எனக்கு மிகவும் உறுத்தலாகப் பட்டதும் அதுவே. இலைகளின் அடிப்புறத்தில் உள்ள நுண்துளைகள் தேவைக்கேற்பத் திறந்து மூடி நீரிழப்பைக் கட்டுப்படுத்துகின்றன. நாள் முழுக்க ஈரம் மிகுந்த காற்றிலேயே வளர்ந்த ரோஜாவின் நுண்துளைகளுக்கு மூடும் பழக்கமே சரியாக அமைவதில்லை என்று நார்வேயில் நடந்த பசுமைக்குடில் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோட்டத்தில் அந்தக் குறை தெரியாது. தரம் பிரிக்கும்போதும் தெரியாது. வெட்டிய தண்டு, வறண்ட காற்றுள்ள ஒரு வீட்டின் பூச்சாடியில் நிற்கும்போது துளைகள் திறந்தபடியே இருக்க, தண்டு உறிஞ்சும் நீரைவிட இலை விடும் நீர் மிகுந்து, இரண்டாம் நாளே கழுத்து தொங்கிவிடும். மழைக்கால ஈரத்தை அந்தப் பூ தன் இலைக்குள் சுமந்துகொண்டு கடல் கடந்து போகிறது. போட்ரைடிஸும் அப்படியே: தோட்டத்தில் ஊசிமுனைப் புள்ளி, பெட்டிக்குள் நாலு நாள் பயணத்தில் பழுப்பு வட்டம், திறந்து பார்க்கும் இடத்தில் சாம்பல் படலம். புகார் வரும்போது வளர்த்தவரிடம் அந்தக் கட்டும் இல்லை, அந்த வாரத்தின் ஈரப்பதக் குறிப்பும் இல்லை. பணம் பிடித்தம் செய்யப்படும். மழை செய்த சேதம் மூன்று வாரம் கழித்து, வேறு நாட்டில், வளர்த்தவரின் கவனக்குறைவாகப் பதிவாகிறது.

கோடையைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதன் கொடுமை ஒளிவுமறைவு இல்லாதது. எல் நினோவால் 2023 தென்மேற்குப் பருவமழை பொய்த்து, கர்நாடகத்தின் பெரும்பாலான வட்டங்கள் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 28இல் பெங்களூரில் 38.5 டிகிரி. கூப்பிடு தூரத்தில் உள்ள ஓசூரும் அதே அனலில்தான் இருந்தது. பாலித்தீனுக்குக் கீழே அதைவிடச் சில டிகிரி கூடுதல். அந்த வெப்பத்தில் ரோஜா அவசரப்பட்டுப் பூக்கும். தண்டு நீள்வதற்கு முன்பே மொட்டு முந்திக்கொள்ள, 60 சென்டிமீட்டர் கட்டுக்குப் போக வேண்டியது 40 கட்டில் விழும். இதழ் குறையும், நிறம் வெளிறும். காலையில் இறுகியிருந்த மொட்டு மதியத்துக்குள் வாய் திறந்துவிடுவதால் ஒரே நாளில் இரண்டு முறை வெட்ட ஆள் வேண்டும். செஞ்சிலந்திக்கு 30 டிகிரி வெப்பம் என்றால் முட்டையிலிருந்து முட்டை வரை ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஒரு மருந்து காய்வதற்குள் அடுத்த தலைமுறை தயார். போதாததற்கு ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்க இறங்க உப்பு ஏறுகிறது. உப்பைத் தாங்காத பயிர்களில் ரோஜாவும் ஒன்று.

நீர் விஷயத்தில் குடிலுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, பலர் அதைப் பாதிதான் பயன்படுத்துகிறார்கள். ஓர் ஏக்கர் கூரை என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். அதில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர், அதுவும் உப்பில்லாத நீர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் என்றால் 32 லட்சம் லிட்டர். வாய்க்கால் கட்டி, தார்ப்பாய் விரித்த குட்டையில் சேமித்தவர்கள் 2024 கோடையைக் கடந்த விதமும், ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பியவர்கள் கடந்த விதமும் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், ஒரே திசையில் மாறும் வானிலைக்குப் பழகிக்கொள்ளலாம். இங்கே திசையே நிலையாக இல்லை. 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2021இல் 59 விழுக்காடு மிகுந்தது. 2022 பெங்களூரு நகரம் கண்டதிலேயே அதிக மழை பெய்த ஆண்டுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே வறட்சி. ஒரு ரோஜாச் செடியை நட்டால் ஐந்தாறு ஆண்டு வைத்துக் காப்பாற்ற வேண்டும். அந்த ஒரே செடி இந்த இரு எல்லைகளையும் தன் வாழ்நாளுக்குள் பார்த்துவிடுகிறது. மல்லி விவசாயிக்கும் பனியில் விளைச்சல் படுத்துவிடும் என்றாலும் அந்த மாதங்களில் மதுரைச் சந்தையில் கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறி ஓரளவு ஈடுகட்டும். ஏற்றுமதி ரோஜாவுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஓசூரில் குளிர் என்பதற்காகச் சிங்கப்பூர்க்காரர் கூடுதல் விலை தர மாட்டார். அவருக்குக் கென்யா இருக்கிறது, கொலம்பியாவும் இருக்கிறது.

பசுமைக்குடில் அமைக்க அரசு பாதிச் செலவை மானியமாகத் தருவது பெரிய உதவி, அதில் ஐயமில்லை. ஆனால் கம்பியையும் பாலித்தீனையும் அளந்து மானியம் கணக்கிட்டவர்கள், உள்ளே ஒரு வெப்பமானியும் ஈரப்பதமானியும் தொங்குகிறதா என்று கேட்கவில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் பதிவுக்கருவி ஒன்று, நான் மேலே போட்ட 750 அலகுக் கணக்கை ஒவ்வொரு குடிலுக்கும் ஒவ்வொரு ரகத்துக்கும் உண்மையான எண்ணாக்கிவிடும். ஜனவரி 5ஆம் தேதியே நாம் மூன்று நாள் பின்தங்கியிருக்கிறோம் என்று தெரிந்தால் செய்ய வழி உண்டு. 25ஆம் தேதி தெரிந்தால் கிடையாது. புகார் வரும்போது அந்த வாரத்தின் ஈரப்பதத்தை எடுத்துக் காட்டவும் அது உதவும். புதிய தொழில்நுட்பம் என்று பேசும் கூட்டங்களில் இந்தச் சிறிய கருவியை வலியுறுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விவசாயிகள் தாங்களாகக் கண்டுகொண்ட பாதுகாப்பு, கவாத்தைப் பிரிப்பது. ஒரே நாளில் மொத்தத் தோட்டத்தையும் வெட்டாமல், டிசம்பர் இரண்டாம் வாரக் கடைசியிலிருந்து இரண்டிரண்டு நாள் இடைவெளியில் நாலு பகுதியாக வெட்டுகிறார்கள். குளிர் நீண்டால் முதல் பகுதி சரியான நாளில் விழும். வெதுவெதுப்பானால் கடைசிப் பகுதி விழும். எப்படியும் இரண்டு பகுதி தவறும் என்பதை ஏற்றுக்கொண்டே செய்யும் ஏற்பாடு இது. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் வெட்டி எறியும் பழைய குச்சிகளால் பெரிய இழப்பும் இல்லை.

தவறிய பகுதி எங்கே போகிறது என்பதில்தான் அண்மை ஆண்டுகளின் மாற்றம் தெரிகிறது. பிப்ரவரி 14 மாலை, ஏற்றுமதிப் பெட்டிகளெல்லாம் போன பிறகும், கடைசியாக வெட்டிய பாத்திகளில் மொட்டுகள் நிறம் காட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் காலை மாசி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வந்திருக்கும்: சென்னைக்கு, கோவைக்கு, ஹைதராபாத்துக்கு. விலை காதலர் தின விலை இல்லை. ஆனால் கல்யாணத் தேதிகள் ஆண்டு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன, இருபது பூக் கட்டு இரவுப் பேருந்திலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது, நாலு நாள் பெட்டிக்குள் கிடக்க வேண்டியதில்லை. இதைக் கணக்குப் பார்த்தவர்கள் மார்கழியில் பாதிப் பாத்திகளை மட்டும் பிப்ரவரிக்காக வெட்டிவிட்டு, மீதியை அதன் போக்கில் பூக்க விடத் தொடங்கியிருக்கிறார்கள்.